சம்லீ பாகம்

சம்லீயின் உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரல்கடை குறைவு. அந்த இரண்டு விரல்கடையைப் பற்றி லெம்சாய் மீனவக் கரையில் யார் வாயைத் திறந்தாலும் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல வார்த்தை கிடைக்காது. வலைக் கொட்டகையில் வலையை மேலே மாட்ட வேண்டுமென்றால் ஒரு பிளாஸ்டிக் மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பாள். யாராவது எட்டி மாட்டிக் கொடுக்க வந்தால், "என் கை என்ன வாடகைக்கா போயிருக்கு?" என்று விரட்டிவிடுவாள்.

முப்பது வருடமாக வலை பின்னுகிறாள், கிழிந்த வலையைச் சரி செய்கிறாள். பாக் பனாங் முகத்துவாரத்திலிருந்து மேற்கே மூன்று கரைக்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் போட்ட முடிச்சு கடலில் அவிழ்ந்தது என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை. இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். சொல்லிக்கொள்ளட்டும். உண்மைதானே.

ஊருக்கு வாயில் மெல்ல ஏதாவது வேண்டும் அல்லவா, அதற்கு அவள் கை கிடைத்தது. இந்தக் கரையில் எதை அளந்தாலும் பாகம்தான். இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல்நுனிக்கும் அந்த விரல்நுனிக்கும் நடுவில் உள்ளது ஒரு பாகம். வலை, கயிறு, தண்ணீரின் ஆழம் எல்லாம் அப்படித்தான். மீட்டர் கம்பைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள். சம்லீ கையை விரித்தால் விரிவது கொஞ்சம்தான். "சம்லீகிட்ட பத்து பாகம் கயிறு வாங்கினா, வீட்டுக்குப் போறதுக்குள்ள எட்டா சுருங்கிடும்" என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். அவள் அசர மாட்டாள். கேட்ட கணக்கை அளந்துவிட்டு, கடைசியில் ஒரு பாகம் கூடுதலாக இழுத்துப் போடுவாள். "பத்து உன் படகுக்கு. இது உன் வாய்க்கு" என்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் இரண்டு வருடத்துக்கு முன் மாசிப் பௌர்ணமியன்று நகோன் கோயில் முற்றத்தில் ஒரு சின்ன விஷயம் குத்திவிட்டது.

நகோனில் இருக்கும், புத்தரின் தாது வைத்த மகாதாது கோபுரத்துக்கு அன்று துணி சுற்றுவார்கள். தெற்கே உள்ள எல்லா ஊரும் நீளத் துணியைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு, மேளத்தோடு தெரு நிறைய வரும். இந்த வழக்கம் லெம்சாய் கரையிலிருந்து பிறந்தது என்பது லெம்சாய்க்காரர்களின் பெருமை. அந்தக் காலத்தில் இலங்கைக்குப் புறப்பட்ட கப்பல் ஒன்று உடைந்து, புத்தரின் கதையை எழுதிய நீளத் துணி அலையில் வந்து ஒதுங்கியதல்லவா, அது ஒதுங்கிய இடம் தங்கள் படகுத்துறைதான் என்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் தங்கள் துறையைக் காட்டுவார்கள். அவர்கள் பேச்சை யார் கேட்பது? ராஜா அந்தத் துணியை எடுத்துக் கோபுரத்துக்குச் சுற்றினார், அன்று முதல் சுற்றுகிறார்கள்.

அந்தப் பெருமைக்கு லெம்சாய் ஐந்து வருடமாகக் கொடுத்த மரியாதை என்னவென்றால், கோயில் எதிரே உள்ள கடையில் ஒரு சுருள் மஞ்சள் துணி வாங்குவதுதான். முன்பெல்லாம் கிளாய் பெரியவர் இருந்தார். வீடு வீடாகத் துணி வாங்கித் தைக்க வைத்து, தானே முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பார். பனைமர உயரம் அவருக்கு. செத்தபோது பெட்டியைத் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது. அவருக்குப் பிறகு ஊர்த்தலைவர் சனோங் பொறுப்பெடுத்தார். சனோங் கெட்ட மனிதர் இல்லை. வேலை சுலபமாக முடிய வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான். கடைத் துணி அளவெடுத்து வெட்டித் தயாராக இருக்கும், வாங்கினோம், ஏந்தினோம், வந்தோம்.

அன்று துணி சுற்றி முடிந்ததும் எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள். கோபுரத்தின் வெள்ளை வயிற்றைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக இருபது முப்பது துணி.

"தலைவரே, இதுல எது நம்ம துணி?" என்று கேட்டாள் சம்லீ.

சனோங் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதோ, அந்த மஞ்சள்."

"எல்லாமே மஞ்சள்தான்."

"அப்போ எல்லாமே நம்மதுன்னு நெனச்சுக் கும்பிடு. புண்ணியம் கூடத்தான் வரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்லீக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் துணி வந்து இறங்கிய கரை, தன் துணி எது என்று தெரியாமல் நிற்கிறதே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. ஊர் திரும்பும் வரை வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அவள் புருஷன் விசியனுக்குப் பயமாகிவிட்டது.

போன வருடம் தை பிறக்கும்போதே படகுத்துறைத் தேநீர்க்கடையில் வைத்து, பத்துப் பேர் முன்னிலையில் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவ துணி நம்ம கையால. கடைத் துணி வேண்டாம்."

சனோங் தேநீரை ஆற்றிக்கொண்டே, "தைக்கறது பெருசில்ல சம்லீ. கோபுரத்த ஒரு சுத்து முழுசா சுத்தணும். குறைஞ்சா ஊர் வாய்ல விழணும்" என்றார்.

"குறையாது. கிளாய் பெரியவர் முப்பத்தெட்டு பாகம்னு சொன்னது எல்லாருக்கும் தெரியும். நான் முப்பத்தொன்பது போடறேன். ஒண்ணு ஊர் வாய்க்கு."

"குறைஞ்சா?"

"குறைஞ்சா அடுத்த வருஷத்துலேருந்து கடைத் துணியே வாங்குங்க. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளுங்க."

"நீ பேசாம இருக்கறதா? இதுக்காகவே குறையணும்னு வேண்டிக்கலாம் போலிருக்கே" என்றார் தலைவர். கடை அதிர்ந்தது. ஆனால் பேச்சு பேச்சுதான், பத்துப் பேர் சாட்சி.

வேலை தொடங்கியதும் ஊர் தானாகவே உள்ளே வந்தது. முடிந்தவர்கள் இரண்டு பாகம் கொடுத்தார்கள், முடியாதவர்கள் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று. மஞ்சள் பருத்தி, ஒரு கஜ அகலம். சம்லீ ஒவ்வொரு துண்டையும் கையை விரித்து அளந்து, தையல் இயந்திரம் வைத்திருக்கும் நுவானிடம் தள்ளினாள். துணி கொடுத்த வீட்டார் தங்கள் பெயர்களை மையால் எழுதினார்கள். முதல் துண்டில் பள்ளி வாத்தியார் புத்தரின் பிறப்பை வரைந்தார். யானை கொஞ்சம் எருமை ஜாடையில் வந்தது. கடைசித் துண்டு சம்லீ வீட்டுடையது. மேலே விசியன் பெயர், அதற்குக் கீழே அவள் பெயர்.

அவள் கொட்டகையில் முழுத் துணியையும் மடித்து அடுக்கியபோது இடுப்பளவு உயரம் வந்தது. "யார் இடுப்பு?" என்று விசியன் கேட்டான். அடி வாங்காமல் தப்பினான்.

மாசிப் பௌர்ணமியன்று காலையில் நான்கு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். வெள்ளை உடை, வாழையிலையில் சுற்றிய சோறு, பின்வண்டியில் மேளம். கோயிலுக்குக் கொஞ்ச தூரம் முன்பே இறங்கித் துணியைப் பிரித்துத் தலைக்குமேல் ஏந்தினார்கள். முன்னால் பின்னால் வேறு ஊர்த் துணிகள், எல்லாம் கடைச் சுருள், ஒரே நிறம். நடுவில் லெம்சாய் துணி எருமை யானையோடும் ஊர்ப் பெயர்களோடும் போனது. ஓரத்தில் நின்றவர்கள் பெயர்களை வாய்விட்டுப் படித்தார்கள். "பாருடா, எல்லாம் கையால தைச்சிருக்காங்க!" என்று யாரோ சொன்னது சம்லீ காதில் விழுந்தது. அவள் துணியின் வால்பக்கம் பிடித்திருந்தாள். மற்றவர்களுக்குச் சமமாகத் தூக்க அவள் கையை முழுவதும் உயர்த்த வேண்டும், தோள் கடுத்தது. இறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் நடந்து வருடக்கணக்காகிறது.

கோபுரத்தைச் சுற்றியுள்ள பிராகாரத்தில் மூன்று முறை வலம் வந்தார்கள். அதன்பிறகு துணியை மேலே கொண்டுபோகும் படி மண்டபத்துக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். அங்கே கோயில் வேலையாள் சேம் மாமா ஒரு பழைய கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவோ அவ்வளவு நீளக் கயிறு அது. ஒவ்வொரு ஊர்த் துணியையும் அதோடு ஒட்டிப் போட்டுப் பார்த்துத்தான் மேலே அனுப்புவார்.

கயிறு முற்றத்தில் வளைந்து வளைந்து கிடந்தது. லெம்சாய்க்காரர்கள் துணியை அதன் பக்கத்திலேயே விரித்துக்கொண்டு போனார்கள். யானை, பெயர்கள், பெயர்கள், விசியன், சம்லீ. துணி முடிந்தது. கயிறு முடியவில்லை. சுவர் மூலைவரை போய்த் திரும்பி, இன்னும் கொஞ்சம் போய்த்தான் நின்றது.

 மேளக்காரன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

சம்லீ கயிற்றின் மிச்சத்துக்குப் போனாள். குனிந்து எடுத்துக் கையை விரித்து அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது வந்தது, அதற்குமேலும் ஒரு சாண்.

"முப்பத்தெட்டுன்னுதானே சொன்னாரு கிளாய் பெரியவர்?" என்றாள். 

"முப்பத்தெட்டுதான்" என்றான் விசியன். பிறகு மெதுவாக, "அடியே, அவரு கையால முப்பத்தெட்டு. அந்த ஆளு கைய நீட்டினா படகோட ரெண்டு பக்கமும் தொடுமேடி" என்றான்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. முப்பது வருடமாக அவள் கையைக் கிண்டல் செய்த ஊர்தான் அது. வலைக்கும் கயிற்றுக்கும் மறக்காமல் சிரித்தவர்கள், கோபுரத்துக்கு அளக்கும்போது ஒருவர்கூட நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டியவள் அவள். சம்லீக்கு முகம் எரிந்தது. தரை மத்தியான வெயிலில் காய்ந்து கிடந்தது, வெறுங்காலில் அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"தப்பு என்னோடது" என்றாள் சத்தமாக. "ஊர் மேல இல்ல."

சேம் மாமா நல்ல மனிதர். "இதுல என்னம்மா இருக்கு? குறையற துணி நெறைய வரும். பின்னால வர்ற ஊர்த் துணியோட சேர்த்துக் கட்டி அனுப்பிடறோம்" என்றார்.

"வேண்டாம், நம்ம துணி தனியாவே இருக்கட்டும்" என்று சனோங் செருப்பைத் தேடினார். "எதிர்க்கடையில ஒரு பாதிச் சுருள் வாங்கியாறேன். ரெண்டு நிமிஷம்." அவர் கேலி செய்யவில்லை. பாவம், உதவி செய்யத்தான் பார்த்தார். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பாள், அந்த இரக்கம் அவளுக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. கடைத் துணியைக் கட்டினால் அடுத்த வருடம் முழுச் சுருளும் கடையிலிருந்துதான் வரும், அதற்கடுத்த வருடமும். லெம்சாய் மறுபடியும் அண்ணாந்து, எது நம்மது என்று தேடும்.

"நில்லுங்க தலைவரே" என்றாள்.

துணியின் வாலில் போய் உட்கார்ந்தாள். வால் முனையிலிருந்து உள்ளே பத்து பாகம் அளந்து, அந்த இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வைத்தாள். இடுப்புப் பையில் எப்போதும் இருக்கும் வலைக்கத்தியை எடுத்தாள். துணியின் முனையில், அகலத்துக்குச் சரி பாதியில் ஒரு சின்ன வெட்டு வைத்தாள். கத்தியைக் கீழே போட்டாள்.

"என்ன பண்ணப் போற?" என்று நுவான் பதறினாள். அவள் தைத்த தையல் அது.

"அரை கஜ அகலம் போதும். நீளம்தான் வேணும். பத்து பாகத்த ரெண்டா பிளந்தா இருபது."

"புத்தருக்கு எடுத்து வெச்ச துணியக் கிழிக்கறதா? பாவம்டி!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

சம்லீ நிமிர்ந்தாள். "புத்தர் உடுத்தினது என்ன பட்டு வேட்டியா? துண்டு துண்டா வெட்டித் தைச்சதத்தானே உடுத்தினார்? நம்ம சாமியார் தோள்ல கெடக்கறதப் போய்ப் பாருங்க, வயல் வரப்பு மாதிரி எத்தனை தையல் இருக்குன்னு. முழுசா இருந்தாத்தான் தப்பு."

கிழவர் சேம் மாமாவைப் பார்த்தார். சேம் மாமா, "அது சரிதான்" என்று தலையை ஆட்டினார்.

சம்லீ இரண்டு பாதியையும் இரண்டு கையில் பிடித்து இழுத்தாள். பருத்தி நேராகக் கிழியும், தையல் வரும் இடங்களில் மட்டும் கத்தி வைத்துக் கொடுத்தாள். அந்தச் சத்தம் பிராகாரம் முழுவதும் கேட்டது. முதலில் கிழிந்தது அவள் வீட்டுத் துண்டு. விசியன் பெயர் மேல் பாதியோடு போனது, சம்லீ பெயர் கீழ் பாதியோடு நின்றது.

"முப்பது வருஷமா ஒண்ணா இருந்தோம்" என்றான் விசியன் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரே இழுப்புல பிரிச்சுட்டாளே பாவி!"

ஊர் சிரித்தது. சிரித்துவிட்டால் ஊர் வேலைக்கு வந்துவிடும். நாலு பேர் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்தார்கள். சனோங் செருப்பை உதறிவிட்டு அவரும் குந்தினார். அடுத்த துண்டில் இருந்த அவர் பெயரும் இரண்டாகப் பிளந்தது, அதையும் அவரே பிடித்துக்கொண்டார். நகக்கீறல் வந்ததும் சம்லீ நிறுத்தி, மேல் பாதியைக் குறுக்கே அறுத்துத் தனியே எடுத்தாள். அதைக் கொண்டுபோய்க் கீழ் பாதியின் முனையோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். வலை முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். தன் பெயரையும் புருஷன் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிந்தாள். அதை விசியன் கவனித்தான். 

துணியை மறுபடியும் கயிற்றோடு போட்டார்கள். சுவர் மூலைக்குப் போய்த் திரும்பி, கயிறு முடிந்த இடத்தைத் தாண்டி நின்றது.

சேம் மாமா முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தார். "எந்தக் கரை?" என்று கேட்டார்.

"லெம்சாய்" என்றாள் சம்லீ. "முதல் துணி வந்த கரை."

ஊருக்கு மூன்று பேர்தான் மேலே போகலாம். சனோங், விசியன், வாத்தியார் போனார்கள். சம்லீ கீழேயே நின்றாள். மேலே கோபுரத்தைச் சுற்றித் துணி மெல்ல நகர்ந்து போனது, அந்தப் பக்கம் மறைந்தது, மறுபக்கம் வந்தது. தலையும் வாலும் நெருங்குவதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, கையைக் கூப்பியபடி கண்ணை மூடிக்கொண்டாள். "தொட்டுடுச்சு!" என்று விசியன் மேலிருந்து போட்ட கூச்சல், கோயிலில் போடக் கூடாத கூச்சல். கீழே மேளம் பிடித்துக்கொண்டது.

சனோங் இறங்கி வந்ததும் அவள் முன்னால் போய் நின்றாள். "தலைவரே, எது நம்ம துணி?"

அவர் அண்ணாந்து தேடக்கூட இல்லை. முப்பது மஞ்சளுக்கு நடுவில் ஒன்றுதான் ஒரு பக்கம் அகலமாக வந்து, பாதி வழியில் ஒடுங்கி, நடுவில் முஷ்டிப் பருமனில் முடிச்சோடு ஓடியது. பிராகாரத்தில் எங்கே நின்றாலும் தெரிந்தது. வேறு ஊர்க்காரர்கள்கூட ஒருவருக்கொருவர் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது" என்றார் சனோங். அதன்பிறகு, அவருடைய சுபாவத்துக்கு மிகவும் பெரிய வார்த்தையாக, "நம்ம துணி" என்றும் சொன்னார்.

சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தபோது, மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேவையை முதலில் சம்லீ கையில் கொடுத்தார்கள். எப்போதும் சாப்பிடுவதற்கு இரண்டு மடங்கு சாப்பிட்டாள். பெருமை பசியைக் கிளப்பும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது மறுபடியும் தை வந்திருக்கிறது. ஊர்ச் சாவடிச் சுவரில், படகுகளின் பதிவு எண்களுக்கு மேலே, சனோங் தன் கையாலேயே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்: மகாதாது துணி, 49 சம்லீ பாகம். மீட்டரில் போடலாமே என்று வாத்தியார் சொன்னதற்கு, "மீட்டர் யாரு? நம்ம ஊர்க்காரனா?" என்று கேட்டார்.

நேற்றுத் துணி அளக்கும் வேலை தொடங்கியது. கிளாய் பெரியவரின் மகன் தானும் உதவுகிறேன் என்று வந்து நின்றான். அப்பாவைப் போலவே பனைமரம். முதல் துண்டை எடுத்து, இரண்டு கையையும் விரித்தான். கொட்டகைக்குக் குறுக்கே முக்கால்வாசி அவனே நின்றான்.

"டேய், கைய மடக்கு" என்றார் சனோங். "இந்த ஊர்ல பாகம்னா அது உன் கை இல்ல."

அவர் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் மீன்கூடையை எடுத்து வந்து, கவிழ்த்துப் போட்டு, கையால் தூசி தட்டினார். ஊர் ஒதுங்கி வழி விட்டது. சம்லீ அதன்மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்தாள்.